விதவையின் காசைத் தின்றவர்கள் யார்?

பைபிளை எப்படிப் படிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வெள்ளைக்காரப் பாதிரி சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்த வெள்ளாளப் பாதிரி சொன்னார். இப்போது மைதானத்தில் பந்தல் போட்டு, குழல் விளக்கு கட்டி, கோட்டு சூட்டுடன் குணமளிக்கும் கூட்டம் நடத்துகிறவர்களும் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேதாந்தம் வேறுபட்டாலும் நமக்குக் கொடுக்கிற உத்தரவு ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு படி.

எங்கள் சேரியில் ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் கண்ணைத் திறந்துகொண்டு படித்துவருகிறோம். இருபது பேர் வருவார்கள், அறுவடைக் காலத்தில் எட்டுப் பேர். கூலிக்குப் போகிற பெண்கள்தான் அதிகம். வாசிக்கிறது நான். அர்த்தம் சொல்கிறது பெரும்பாலும் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள். இந்தக் கூட்டம் வேதத்தை அரசியலாக்குகிறது, ஆகவே இதற்கு ஆலயத்தையோ ஆலய வளாகத்தையோ தரக்கூடாது என்று குருசேகரக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானத்தின் நகல் கேட்டேன், தரவில்லை. வாயால் சொன்னதற்கு எழுத்தில் பதில் சொல்கிறேன்.

அரசியலாக்கியது யார் என்று பார்ப்போம். தகராறு ஆரம்பித்தது மாற்கு 12-ம் அதிகாரத்தில்.

காணிக்கை எடுக்கிற நேரத்தில் நம் ஆலயங்களில் தவறாமல் இழுக்கப்படுகிற கதை அது. தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். பணக்காரர்கள் அள்ளிப் போடுகிறார்கள். ஏழை விதவை ஒருத்தி வந்து இரண்டு சின்னக் காசு போடுகிறாள். அவள்தான் எல்லாரையும்விட அதிகம் போட்டாள், தன் பிழைப்புக்கு இருந்ததையெல்லாம் போட்டுவிட்டாள் என்கிறார் இயேசு. எங்கள் குருசேகரத்தில் புதுக் கோபுரத்துக்குக் குடும்பத்துக்கு ஐயாயிரம் என்று விதித்தபோதும் இந்த விதவையைத்தான் பிரசங்க மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். களையெடுத்துப் பிழைக்கிறவளும் ஐயாயிரம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் ஐயாயிரம்.

அந்த வெள்ளிக்கிழமை இதை வாசித்துக்காட்டினேன். எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி கேட்டாள்: "அப்ப அந்தம்மா அன்னிக்கு ராத்திரி என்னத்தத் தின்னுச்சு?"

முப்பது வருஷப் பிரசங்கத்தில் எந்த ஐயரும் இதைக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம். சேரியில் பிறந்து செமினரி போய் வந்தவராக இருந்தாலும் ஐயர்தான். வீட்டம்மா ஐயரம்மா. இந்தப் பட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

பெரியம்மா கேட்டதற்குப் பதில் தேடித்தான் முன்னாலும் பின்னாலும் வாசித்தோம். காசு போடுகிற காட்சிக்கு நேர் முந்தின வசனத்தில் இயேசு வேதபாரகரைத் திட்டுகிறார். நீண்ட அங்கி போட்டு அலைகிறார்கள், சந்தையில் வணக்கம் எதிர்பார்க்கிறார்கள், விருந்தில் முதல் இடம் பிடிக்கிறார்கள், நெடுநேரம் ஜெபம் பண்ணுகிற வேஷத்தில் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்கிறார். விழுங்குகிறவனைக் காட்டிய கையோடு, விழுங்கப்பட்டவள் வந்து நிற்கிறாள். காட்சி முடிந்ததும் வெளியே வருகிறார்கள். சீஷன் ஒருவன் கட்டடத்தையும் கல்லையும் பார்த்து வாயைப் பிளக்கிறான். இதில் ஒரு கல் இன்னொரு கல்லின்மேல் நிற்காது, எல்லாம் இடியும் என்கிறார் இயேசு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அவளைப் போல நீங்களும் போடுங்கள் என்று அந்த இடத்தில் எங்கேயாவது இருக்கிறதா? நல்ல சமாரியன் கதையின் முடிவில் நீயும் போய் அப்படியே செய் என்கிற கருத்து தெளிவாக இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சொல் கிடையாது. பாராட்டுகூடக் கிடையாது. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். கொள்ளைக்குச் சாட்சி சொன்னவரின் வாக்குமூலத்தை எடுத்து வசூல் நோட்டீசாக அச்சடித்துவிட்டார்கள்.

அந்தக் காசின் கணக்கும் கிடைக்கிறது. ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். மாற்கு சொல்கிற இரண்டு காசு சேர்ந்தால் தெனாரியத்தில் 64-ல் ஒரு பங்கு. ஐந்நூறு ரூபாய்க் கூலி என்றால் எட்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா நூல், ஆலயத்தில் எக்காள வடிவில் 13 பெட்டிகள் இருந்ததாகவும் எந்தப் பெட்டி எதற்கு என்று அதனதன்மேல் எழுதியிருந்ததாகவும் சொல்கிறது. ஏரோது ராஜா கி.மு. 20 வாக்கில் தொடங்கிய கட்டட வேலை இயேசு செத்து முப்பது வருஷம் கழித்தும் நடந்துகொண்டிருந்தது. கோபுர வசூல் நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

இதே மாற்கு 7-ம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு கிழி கிழி என்று கிழிக்கிறார். வயதானவர்களின் சோற்றைப் பிடுங்கிக் கோயிலுக்குக் கொடுக்காதே என்றவர், விதவையின் ராத்திரிச் சாப்பாடு பெட்டிக்குள் விழுந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாரா?

அடுத்தது புறா. தேவாலயத்துக்குள் நுழைந்து வியாபாரிகளை விரட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். "கோயிலில் வியாபாரம் கூடாது" என்று அதைச் சப்பென்று முடித்துவிடுவார்கள். கோயில் வாசலில் கடலை விற்கிற கிழவியை விரட்டக்கூட இந்த வசனத்தைக் காட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். காசு மாற்றுகிறவர்களின் மேசை கவிழ்கிறது, சரி. மாற்கு இன்னொன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். புறா விற்றவர்களின் ஆசனங்கள். ஏன் புறா?

லேவியராகமத்தை எடுத்துப் படித்தோம். சபையில் யாரும் தொடாத புத்தகம், எங்களுக்கு அதுதான் சுவாரசியமாகப் போனது. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிக்க ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வக்கில்லையென்றால் இரண்டு புறா (12-ம் அதிகாரம்). தொழுநோய் நீங்கியவன் ஏழையாயிருந்தால் அவனுக்கும் புறா (14). உதிரப்போக்கு நின்ற பெண்ணுக்குப் புறா (15). ஆக, புறாக்கடை என்பது பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களும் வியாதிக்காரர்களும் தங்கள் உடம்பைத் திரும்பவும் ஊருக்குள் சேர்த்துக்கொள்ளப் பணம் கட்டுகிற கவுண்டர். இயேசுவைப் பெற்ற மரியாளே அந்த வரிசையில் நின்றவள்தான். லூக்கா 2-ம் அதிகாரத்தில் அவர்கள் கொண்டுபோனது ஆடு இல்லை, புறா ஜோடி. தன் அம்மா காசு கட்டின கடையைத்தான் மகன் கவிழ்க்கிறான். கிறிஸ்துமஸ் மரத்தில் வெள்ளைப் புறா தொங்கவிடுகிறவர்களுக்கு இது எட்டாது.

மிஷ்னாவில் புறா விலை பற்றியே ஒரு செய்தி இருக்கிறது. எருசலேமில் ஒரு ஜோடிப் புறா ஒரு தங்க தினாருக்குப் போய்விட்டது. சிமியோன் பென் கமாலியேல் என்கிற ரபி, விலை இறங்காமல் இன்றைக்குப் படுக்க மாட்டேன் என்று கிளம்பி, ஐந்து பிரசவம் ஆனவளும் ஒரே பலி கொடுத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னாராம். அன்றைக்கே விலை கால் வெள்ளிக் காசுக்கு விழுந்ததாம். தங்க தினார் ஒன்று 25 வெள்ளிக்குச் சமம். எவ்வளவு கொள்ளை அடித்திருந்தால் ஒரே நாளில் நூறில் ஒரு பங்காக இறங்கும்! இந்த ரபி பரிசேயர் மரபில் வந்தவர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நம் பக்கத்துப் பேச்சாளர்களுக்குப் பரிசேயன் என்றவுடன் பார்ப்பான் என்று மொழிபெயர்த்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. கைதட்டல் கிடைக்கும். உண்மை அதில்லை. ஆலயத்தையும் கஜானாவையும் கையில் வைத்திருந்தது ஆசாரிய மேட்டுக்குடி. பரிசேயர் அதற்கு வெளியே, மக்களோடு கிடந்த போதகர்கள். அந்த ஆசாரியக் குடும்பங்களைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருப்பதைப் படித்தால் தஞ்சாவூர்க் களத்துமேடு ஞாபகம் வரும். பிரதான ஆசாரியரின் அடியாட்கள் களத்துக்கே போய், தசமபாகத் தானியத்தை அடித்துப் பிடுங்கினார்கள். அதை நம்பியிருந்த ஏழை ஆசாரியர்கள் பட்டினியில் செத்தார்கள்.

தீட்டு விஷயத்திலும் அவசரப்படக் கூடாது தோழர்களே. யூதத் தீட்டு வரும், போகும். தண்ணீரில் குளித்தால் சாயங்காலம் போய்விடும். பிணத்தைத் தொட்டால் ஆசாரியனுக்கும் தீட்டுதான். நம் மேல் வைத்திருக்கிற தீட்டு பிறப்பில் வருவது, செத்தாலும் போகாதது, சுடுகாடு வரை கூட வருவது. அதனால் இயேசு தொழுநோயாளியைத் தொட்டார், ஆகவே சாதியை ஒழித்துவிட்டார் என்று ஒரே தாவாகத் தாவ முடியாது. தொட்டவர், போய் ஆசாரியனிடம் காட்டிக் காணிக்கை செலுத்து என்றும் அந்த ஆளுக்குச் சொல்கிறார். அதையும் மறைக்காமல் வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு கூட்டத்தில் நுழைந்து அவர் துணியைத் தொட்டவளிடம் புறா எங்கே என்று அவர் கேட்கவில்லை. மகளே என்று கூப்பிட்டு அனுப்பிவிடுகிறார்.

சாதிக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை பைபிளில் தேடினால் அது யோசுவா 9-ம் அதிகாரத்தில் கிடைக்கும். கிபியோன் ஜனங்கள் ஏமாற்றி உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்று, அவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஆலயத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதிக்கிறார்கள். ஒரு ஜனத்துக்குப் பிறவித் தொழில்! கடவுள் பெயரால்! இந்த அதிகாரத்தை வாசித்த ராத்திரி எங்கள் கூட்டத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ஊர்க் கோயிலுக்குக் குழி வெட்டுகிறவனும் மணி அடிக்கிறவனும் சாவுக்குச் சேதி சொல்லிப் போகிறவனும் எங்கள் தெருவிலிருந்துதான் போகிறான். பைபிள் முழுக்க நமக்காக எழுதப்பட்டது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதற்குள்ளேயே எஜமானனும் இருக்கிறான், விறகு சுமக்கிறவனும் இருக்கிறான். அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்கிற நிருபமும் அதற்குள்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தை எடுத்து யாருக்கு வாசித்துக்காட்டுகிறான் என்பதில்தான் சாதி வேலை செய்கிறது.

சமாரியப் பெண் கதைக்கு வருகிறேன். யோவான் 4. கிணற்றடி, உச்சி வெயில். யூதருக்கும் சமாரியருக்கும் புழக்கம் கிடையாது, ஏனத்தைப் பகிர்ந்துகொள்கிறதும் கிடையாது. அங்கே இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கேட்கிறவன் மேலே இருப்பவன், கொடுக்க வேண்டியவள் கீழே இருப்பவள். அவரிடம் மொண்டுகொள்ளப் பாத்திரமே இல்லை, அவள் குடத்தைத்தான் நம்ப வேண்டும். அவளே அதிர்ச்சியடைந்து, என்னிடமா கேட்கிறாய் என்கிறாள். நான் கேட்ட பிரசங்கங்களில் இந்தக் குடம் இரண்டு நிமிஷத்தில் உடைந்துவிடும். மிச்ச நாற்பது நிமிஷமும் அவளுடைய ஐந்து புருஷன் கணக்குதான். 1927 மார்ச்சில் மஹாத் குளத்துக்கு அம்பேத்கர் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்த பின்னாலும், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்த பின்னாலும், கிணற்றடிக் கதையில் ஒருவனுக்குப் பெண்ணின் நடத்தைதான் கண்ணில் படுகிறதென்றால் அவன் எந்தத் தெருவில் நின்று வாசிக்கிறான் என்பது தெரிகிறது.

வாசிக்கிற தமிழே ஒரு தெருதான். நாங்கள் பிடித்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பில் இயேசு மட்டும் அவர். பேதுரு அவன், குஷ்டரோகி அவன், சமாரிய ஸ்திரீ அவள். மூல கிரேக்கத்தில் இந்த மரியாதைப் படிக்கட்டு கிடையாது. எல்லாருக்கும் ஒரே சொல்தான். தமிழில் பேர் சொல்ல வந்தவுடனே யார் அவர், யார் அவன் என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. முடிவு செய்தவர்கள் நம் ஆட்கள் இல்லை. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் தொழுநோயாளரும் அவர், அந்தச் சமாரியப் பெண்ணும் என்றார் என்று முடிகிறார். எங்கள் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு பெண் சிரித்துவிட்டாள். "கெடக்குது போ, நம்மளையும் அவருன்னு போட்டானுவளே."

இந்த மண்ணில் சுவிசேஷம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதையும் நினைவூட்டிவிடுகிறேன், கமிட்டிக்காரர்களுக்கு மறந்திருக்கலாம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, பூணூல் போட்டு, பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொண்டார். தீண்டத்தகாதவர்களுக்கு வேறு சாமியார், வேறு ஏற்பாடு. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து, பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பெரிய வேலைதான். அந்தக் கோயிலுக்குள்ளேயும் சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். 1829-ல் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், நற்கருணையில் எல்லாரையும் ஒன்றாக்கப் பார்க்கிற புது மிஷனரிகளுக்கு எதிராகப் புத்தகமே எழுதினார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டதும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே போனார்கள். கிறிஸ்துவை விட முடிந்தது, சாதியை விட முடியவில்லை. வடக்கன்குளத்தில் 1872-ல் கால்சட்டை மாதிரி இரண்டு கைகளோடு கோயில் கட்டி வெள்ளாளரையும் நாடார்களையும் பிரித்து உட்காரவைத்தார்கள். நடுத்தடுப்பு 1910-ல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிற இரண்டு தெருக்கள். இத்தனையும் அரசியல் இல்லையாம். நாங்கள் லேவியராகமம் வாசித்தது அரசியலாம்.

இந்தப் பக்கம் நம் சொந்த ஆட்களிடமும் இரண்டு சண்டை பாக்கி இருக்கிறது.

முதல் சண்டை செமினரிக்காரர்களோடு. 1980-களில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலைத் தொடங்கிவைத்தார். சென்னை குருகுலம் லுத்தரன் கல்லூரியில் அதற்கென்று துறையே வந்தது. இயேசு ஒரு தலித் என்று அவர் வாதாடினார். வம்சவரிசையில் வருகிற தாமார், ராகாப் போன்ற பெண்களையும், ஆலயத்தைச் சுத்தம் செய்ததையும், சிலுவையையும் ஆதாரமாக எடுத்தார். அந்தக் காலத்தில் அந்தக் குரல் தேவைப்பட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் இன்றைக்கு எல்லா மாநாட்டுப் பேனரிலும் அழகாகத் தொங்குகிறது. பேராயரும் அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போய்ச் சொந்தசாதியில் சம்பந்தம் பேசுகிறார். இயேசு ஒரு யூதத் தொழிலாளி. மாற்கு சொல்கிற கிரேக்கச் சொல் மரவேலை, கல்வேலை, கட்டட வேலை எல்லாம் செய்கிற ஆளைக் குறிக்கும். நாசரேத்துக்கு ஆறு கிலோமீட்டரில் செப்போரி நகரம். அவர் பிறந்த காலத்தை ஒட்டி, கி.மு. 4-ல், அங்கே கலகம் மூண்டு, ரோமத் தளபதி வாருஸ் ஊரைக் கொளுத்தினான். அந்தக் கலகங்களை அடக்க இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்ததாக யோசேபஸ் எழுதுகிறார். அந்தச் சாம்பல் வாடையில் வளர்ந்தவர் அவர். பாதிக்கப்பட்ட இனத்தவர்தான். ஆனாலும் சீரோபேனிக்கியப் பெண் மகளுக்காகக் கெஞ்சும்போது, பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்கிற மாதிரி அவரும் பேசிவிடுகிறார். அவள் விடவில்லை. மேசைக்குக் கீழே விழுகிற துணுக்கு நாய்க்குத்தானே என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் தோற்றார், மகள் பிழைத்தாள். நான் தலித்தைத் தேடினால் அந்த இடத்தில் அந்தப் பெண்ணிடம்தான் தேடுவேன். இயேசுவுக்கு நம் சாதிச் சான்றிதழ் வாங்கித் தருவதைவிட அவளிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்வது உபயோகம். இதைச் சமையல் வழியாகவே சொன்னவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் பறட்டை. அவருக்கு நற்கருணை என்பது ஒரு உலை. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேகணும், அப்புறம்தான் ஆமென். இயேசு என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை, உன் அரிசியை என் பானையில் போடுவாயா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது சண்டை, பைபிளைத் தூக்கிக் கடாசு என்கிற தோழர்களோடு. சபைக்குள்ளேயும் சாதி, அப்புறம் எதுக்கு அந்தக் கருப்பு அட்டை என்கிறார்கள். 1956-ல் பாபாசாகேப் காட்டிய வழி இருக்கே என்கிறார்கள். பாபாசாகேப் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளை இவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் தெரியாது. மதம் மாறிய தீண்டத்தகாதவனுக்காகச் சபை போராடவில்லை என்பதுதான் அங்கே அவருடைய குற்றச்சாட்டு. அது அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை வைக்க அவர் பைபிளையும் சபை வரலாற்றையும் ஊன்றிப் படித்திருக்கிறார். நாம் மட்டும் ஏன் படிக்காமல் வீச வேண்டும்? அந்தப் புத்தகத்துக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவன் பட்டியல் சாதியில்லை என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவருக்கு, மற்ற தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடையை மதத்தைக் காட்டி மறுத்தார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று மனுவைத் தள்ளியது. ஆதாரமா வேண்டும்? மேலப்புதூர்ச் சுவர் கல்லால் ஆனது, தொட்டுப் பார்த்திருக்கலாம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை வந்தது, 2022-ல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். மதத்தைக் காட்டிச் சலுகையையும், சாதியைக் காட்டிச் சபையில் மரியாதையையும் இழந்தவர்கள் நாம். ரெண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு காப்பாற்றி வைத்த புத்தகத்தை யார் சொன்னாலும் அவ்வளவு லேசில் வீச முடியாது. வீசுவதானாலும் படித்துவிட்டு வீசுகிறேன்.

"அரிசிக் கிறிஸ்தவன்" என்கிற கேலியும் இதில் சேர்ந்தது. சோத்துக்கு மதம் மாறினானுங்க. ஆமாம், மாறினோம். பஞ்சத்தில் பிள்ளைகள் சுருண்டு சாகும்போது கஞ்சி ஊற்றியவன் பின்னால் போனோம். இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் மனுஷனின் தேவைகளில் முதலில் வருவது அன்றன்றைக்கான அப்பம். பாவமன்னிப்பு அதற்கு அப்புறம்தான். வயிறு நிறைந்தவன் எழுதிய ஜெபமாக இருந்தால் வரிசை மாறியிருக்கும்.

கடைசியாகச் சிலுவை. அதைக் கழுத்தில் தங்கத்தில் மாட்டி மாட்டி அது என்னவென்றே மறந்துபோயிற்று. ரோமச் சாம்ராஜ்யம் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை அது. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் படையில் பிடிபட்ட ஆறாயிரம் அடிமைகளைச் சாலை நெடுக அறைந்து தொங்கவிட்டார்கள். எருசலேம் அருகே 1968-ல் தோண்டியபோது அந்தக் காலத்து ஆள் ஒருவரின் குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. ஆலயத்தில் மேசையைக் கவிழ்த்த அதே வாரத்தில் இயேசுவையும் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக விசாரித்து, காலையில் அறைந்துவிட்டார்கள். நம் பாவத்துக்காகச் செத்தார் என்பது விசுவாசம், அதற்குள் நான் போகவில்லை. யார் கொன்றார்கள், எதற்காக என்று கேட்பது வரலாறு. ஆசாரிய மேட்டுக்குடி பிடித்துக்கொடுத்தது, ரோம அதிகாரம் கொன்றது, தலைக்கு மேல் குற்றத்தையும் எழுதி மாட்டியது. "யூதர்கள் கொன்றார்கள்" என்று சொல்லிச் சொல்லி ஐரோப்பா அந்த ஜனத்தையே பல நூற்றாண்டுகள் வேட்டையாடியது. நம் பிரசங்கிகள் இன்னும் அதையே சொல்வதைக் கேட்கும்போது உடம்பு கூசுகிறது. ஒரு ஜனத்துக்கே குற்றப்பரம்பரைப் பட்டம் கட்டுவது என்னவென்று நமக்குத் தெரியாதா?

1968 என்றவுடன் வேறொன்றும் ஞாபகம் வர வேண்டும். அதே வருஷம் டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலி நெல் கூடுதலாகக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிறிஸ்துமஸ் ராத்திரி அது. பெரிய பண்டிகைக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28-ல், ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைக்கிற நாள் என்று சபையின் நாள்காட்டியிலேயே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு தேதிகளையும் ஒரே மூச்சில் சொன்ன பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. போன டிசம்பர் 28 ராத்திரி எங்கள் தெருவில் மத்தேயு 2-ம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வெண்மணியில் செத்தவர்களின் பெயர்களை வயதோடு வாசித்தோம். கைக்குழந்தைகளின் வயதை வாசிக்கும்போது என்னால் முடியவில்லை, பக்கத்தில் இருந்த பையன் வாங்கி வாசித்தான். ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் வந்து பின்னால் நின்றார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த டிசம்பரிலும் வாசிக்கிறோம். ஆலயம் கிடையாது, தெருவில்தான். விளக்குக் கம்பம் எரிவதில்லை, வருகிறவர்கள் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.